வயரா, வைஃபையா, போனா: யாழ்ப்பாண வீட்டில் லினக்ஸ் கணினிக்கு எந்த இணைப்பு?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத லப்டொப்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து, இங்கே இரண்டாம் கையாக வந்து சேர்ந்த திங்க்பாட், லாட்டிடியூட், எலீட்புக் வகைகளை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறுவது நல்ல முடிவுதான். திரை, சத்தம், கீபோர்ட், கமரா எல்லாம் பெரும்பாலும் முதல் நாளே வேலை செய்யும். சிக்கல் வருவது இணையத்தில். அது வந்துவிட்டால் கை கட்டிப்போட்டது மாதிரித்தான்: குறைகிற ட்ரைவரை (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருளை) இறக்குவதற்கும் இணையம் வேண்டுமே.

ஆகவே லினக்ஸைப் பதிவதற்கு முன்பே எந்த வழியால் இணைவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரவுட்டரிலிருந்து லான் வயர், போனிலிருந்து யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிளால் பகிர்வது), லப்டொப்புக்குள் இருக்கும் வைஃபை அட்டை (தேவையென்றால் மாற்றிப் போடுவது), வெளியில் செருகும் யூஎஸ்பி வைஃபை, சிம் போடும் டொங்கிள் அல்லது 4ஜி ரவுட்டர் என வழிகள் பல. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லினக்ஸ் நேரடியாக ஓட்டவேண்டிய பாகம் எவ்வளவு எளியதோ, அவ்வளவு நிம்மதி. கடினமான வேலையை ரவுட்டரிடமோ போனிடமோ விட்டுவிட்டு, கணினியிடம் ஒரு சாதாரண ஈதர்நெட் இணைப்பை மட்டும் காட்டும் வழிகள்தான் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடுகின்றன.

காரணம் இது. விண்டோஸில் ட்ரைவரை அட்டை செய்த கம்பனி தனியாகத் தரும். லினக்ஸில் ட்ரைவர், அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வரும். உங்கள் கெர்னல் வெளிவந்த பிறகு ட்ரைவர் எழுதப்பட்ட அட்டை என்றால், அது லினக்ஸின் கண்ணுக்கு இல்லாத பொருள். லினக்ஸின் வெவ்வேறு வெளியீடுகளில் டெபியன் 12 கொண்டுவருவது 6.1 கெர்னல், உபுண்டு 24.04உம் லினக்ஸ் மின்ட் 22உம் 6.8, டெபியன் 13 இல் 6.12. மலிவு விலை லப்டொப்கள் பலவற்றில் இருக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ என்ற வைஃபை சிப்புக்கு ட்ரைவர் 6.2 இல்தான் சேர்ந்தது. அதே லப்டொப்பில் டெபியன் 12 போட்டால் வைஃபை சின்னமே வராது. மின்ட் 22 போட்டால் கேட்காமலே வரும். லப்டொப்பிலும் குறையில்லை, லினக்ஸிலும் குறையில்லை. இரண்டும் பொருந்தாத காலக்கணக்கு மட்டுமே.

ட்ரைவரோடு ஃபேம்வெயார் என்ற இன்னொரு கோப்பும் பல அட்டைகளுக்குத் தேவை. அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு நிரல் அது. டெபியன் 12 வரும்வரை டெபியனின் அதிகாரபூர்வ இன்ஸ்டோலரில் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபேம்வெயார் இருக்கவில்லை. 2023 இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்தே தருகிறார்கள். பழைய டெபியன் 11 பென்ட்ரைவை இன்னும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

சிப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், எழுத்துகளுக்கிடையில் இடைவெளி விடாமல் தட்டவேண்டும்.

மின்ட் அல்லது உபுண்டு பென்ட்ரைவில் கணினியைத் தொடக்கி, பதியாமல் முயன்று பார்க்கும் நிலையில் டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரத்தை) திறவுங்கள். எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, -என்என்கே என்று சேர்த்து என்டர் கொடுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் நெட்வேர்க் கொன்ட்ரோலர், ஈதர்நெட் கொன்ட்ரோலர் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் 'கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் லினக்ஸ் அந்த அட்டையைப் பொறுப்பேற்றுவிட்டது என்று பொருள். அந்த வரி இல்லாவிட்டால் ட்ரைவர் இல்லை. சதுர அடைப்புக்குள் இருக்கும் அடையாள எண்ணில் முதற்பகுதி 8086 என்றிருந்தால் அது இன்டெல், பெரும்பாலும் கவலையில்லை. யூஎஸ்பியில் செருகியவற்றுக்கு எல்எஸ்யூஎஸ்பி.

ட்ரைவர் இருந்தும் வைஃபை எழும்பாவிட்டால் ஆர்எஃப்கில் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, லிஸ்ட் என்று சேர்த்துப் பாருங்கள். 'ஹார்ட் ப்ளொக்ட்: யெஸ்' என்று வந்தால் பூட்டியிருப்பது லப்டொப்பின் பொத்தான். திங்க்பாட் எக்ஸ்230, டி430 காலத்து லப்டொப்களின் பக்கவாட்டில் சிறிய தள்ளு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அது தூசியோடு தூசியாக இருப்பதால் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். அது கணினியை முழுமையாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் விடுவதால், சில அட்டைகள் லினக்ஸ் வந்தபிறகும் எழும்புவதில்லை.

லான் வயர்: அழகில்லை, ஆனால் பிழைக்காது

இன்டெல் ஈதர்நெட்டுக்கும் ரியல்டெக் ஈதர்நெட்டுக்கும் ட்ரைவர் பல்லாண்டுகளாகக் கெர்னலில் இருக்கிறது. செருகினால் சில விநாடிகளில் இணையம் வரும். பாஸ்வேர்ட் இல்லை, ஃபேம்வெயார் தேடும் வேலை அநேகமாக இல்லை. எஸ்எல்டியின் ஃபைபரோ, சிம் போட்ட 4ஜி ரவுட்டரோ, ஸ்டார்லிங்கோ, எதுவானாலும் லான் துளைக்கு இந்தப் பக்கம் லினக்ஸுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நம் ஊர் வீடுகளுக்கு வயரைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பழைய சுவர்கள் தடிப்பானவை. நாற்சார் வீட்டில் முன் விறாந்தையில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெட்ஸ் அலை, முற்றத்தைத் தாண்டிப் பின்னறைக்குப் போகும்போது இரண்டு மூன்று கற்சுவர்களில் செத்துவிடும். 2.4 கிகாஹெட்ஸ் ஓரளவு போகும், ஆனால் வேகம் குறையும். 25 மீற்றர் வயர் ஒன்று அந்தப் பிரச்சினையையே இல்லாமல் செய்துவிடும். லான் வயர் 100 மீற்றர் வரை ஓடும்.

வயர் வாங்கும்போது உள்ளே இருப்பது முழுச் செம்பா, அலுமினியத்துக்குமேல் செம்பு பூசியதா என்று கேளுங்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் தெரியும்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அது நாலைந்து முறை வளைந்தாலே உள்ளுக்குள் ஒடியும். ஒடிந்தால் பல வேளைகளில் இணைப்பு அறாது, வேகம்தான் விழும். ஆகவே பலர் கவனிப்பதில்லை. ஒரு கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். நீலச் சோடியோ மண்ணிறச் சோடியோ போனால் கணினியும் ரவுட்டரும் சேர்ந்து பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஈத்டூல் என்ற கட்டளையோடு இணைப்பின் பெயரைக் கொடுத்து 'ஸ்பீட்' வரியைப் பாருங்கள். கிகாபிட் ரவுட்டரில் 100 என்று காட்டினால் வயரையோ நுனிக் கிளிப்பையோ சந்தேகியுங்கள்.

நுனியை நீங்களே அடிப்பதானால், கிளிப்பின் நாக்குக் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். அதிகம் பிழைப்பது நடுவில். பச்சைச் சோடியைச் சேர்த்தே வைத்துவிடுவார்கள். அது நீலச் சோடிக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கவேண்டும். முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீற்றருக்குமேல் வேண்டாம். வெளி உறையின் நுனி கிளிப்புக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் ஆப்பு அதன்மேல் இறுகவேண்டும். எட்டுக் கம்பியை மட்டும் பிடித்துத் தொங்கும் கிளிப் ஒரு மாதத்தில் கழன்று வரும்.

லான் துளை இல்லாத மெல்லிய லப்டொப்புக்கு யூஎஸ்பி-லான் அடப்டர் போதும். ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 சிப் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் கெர்னலில் ட்ரைவர் உண்டு. மிகக் குறைந்த விலையில் விற்கும் சிலவற்றுக்குள் எஸ்ஆர்9700 வகைச் சிப் இருக்கும். வேலை செய்யும். ஆனால் யூஎஸ்பி 1.1 என்பதால் 12 மெகாபிட்டைத் தாண்டாது, பெட்டியில் 100 என்று அச்சடித்திருந்தாலும்.

வயரின் ஒரே உண்மையான எதிரி இடி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடிமுழக்கம் தொடங்கினால், வீட்டுக்கு வெளியால் இழுத்த லான் வயர் மின்னைக் கணினிவரை கொண்டுவரும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு வயர் இழுக்கவே வேண்டாம். ஃபைபரின் கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் பவர் அடப்டர் கடத்தும்.

போன்: முதல் நாளுக்கும் அவசரத்துக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை

அன்ட்ரொயிட் போனை டேட்டா கேபிளால் செருகி, செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குள் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைப் புதிய ஈதர்நெட் இணைப்பாகவே பார்க்கும். வேறொன்றும் செய்யத் தேவையில்லை. அந்த விருப்பம் மங்கலாக, தொடமுடியாமல் இருந்தால் உங்கள் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை. போனோடு பெட்டியில் வந்த கேபிளை எடுங்கள். டெதரிங்கும் ஹொட்ஸ்பொட்டும் ஒன்றென்று எண்ணவேண்டாம். ஹொட்ஸ்பொட் வைஃபையால் வருவது. உங்கள் சிக்கலே வைஃபை அட்டை என்றால் அது உதவாது.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று. அன்ட்ரொயிட் போன் வீட்டு வைஃபையோடு இணைந்திருக்கும்போதும் யூஎஸ்பி டெதரிங் வேலை செய்யும். அப்போது கணினிக்குப் போவது சிம்மின் டேட்டா அல்ல, வீட்டு வைஃபை. அதாவது போனே உங்கள் வைஃபை அட்டையாகிவிடுகிறது. திரை உடைந்த பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தாலும் இதற்குப் போதும், டெதரிங்கை இயக்குமளவுக்குத் தொடுதல் வேலை செய்தால். ஐபோன் இப்படிச் செய்யாது. அது மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். ஐபோனைச் செருகும்போது யூஎஸ்பிமக்ஸ்டி என்ற பொதி கணினியில் இருக்கவேண்டும் (உபுண்டுவிலும் மின்ட்டிலும் வழமையாக இருக்கும்), போன் திரையில் 'ட்ரஸ்ட்' என்று கேட்டால் ஒப்புக்கொள்ளவேண்டும்.

செலவில்தான் கவனம் வேண்டும். புதிதாகப் பதிந்த மின்ட் முதல் அப்டேட்டுக்கே நூற்றுக்கணக்கான மெகாபைட்டை இழுக்கும். பெரும்பாலும் நெட்வேர்க்மனேஜர் அன்ட்ரொயிட் டெதரிங்கை 'அளந்து கொடுக்கப்படும் இணைப்பு' என்று தானாகவே கண்டுபிடிக்கும், உபுண்டுவின் தானியங்கி அப்டேட்டுகளும் அதைப் பார்த்து நிற்கும். என்றாலும் இணைப்பின் அமைப்புகளுக்குள் போய் 'மீற்றர்ட்' என்பதைக் கையாலும் இட்டுவிடுங்கள். போனின் டேட்டாவில் தேவையான ட்ரைவரை மட்டும் இறக்குங்கள். முழு அப்டேட்டை வீட்டு இணைப்புக்கு, அதிலும் இரவு டேட்டா தரும் பொதியென்றால் நள்ளிரவுக்குப் பின், ஒதுக்குங்கள்.

நாளாந்தப் பாவனைக்குப் போன் ஏற்றதல்ல. முழு நாளும் செருகி வைத்தால் சூடாகும், பட்டரி ஊதும், அழைப்புக்காகப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனால் கணினியின் இணைப்பும் கூடவே போய்விடும்.

உள் வைஃபை அட்டை: எதை வைத்திருப்பது, எதைக் கழற்றுவது

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு வைஃபை வேண்டும். சிப் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்டெல் அட்டைகள் கெர்னலில் உள்ள ஐடபிள்யூஎல்வைஃபை ட்ரைவரோடு ஓடும். எக்ஸ்230, டி430 பலவற்றில் வரும் சென்ட்ரினோ 6205 முதல் இன்றைய ஏஎக்ஸ்210 வரை இதேதான். ஏஎக்ஸ்210க்குக் கெர்னல் 5.10 வேண்டும்; இப்போது பாவனையிலுள்ள பதிப்புகள் அநேகமாக எல்லாம் அதை எட்டியவை. அதெரொஸின் பழைய ஏத்9கே வகைப் பிசிஐ அட்டைகள் தனி ஃபேம்வெயார்கூடக் கேட்பதில்லை. வேகம் குறைவு, ஆனால் அசையாத அட்டைகள். மீடியாடெக் எம்டி7921க்கு 5.12 இலிருந்து ட்ரைவர் உண்டு. அதன் உறவான எம்டி7902ஐக் கண்டால் விலகுங்கள்: 2025 இல் வந்த கெர்னல்களில்கூட அதற்கு ட்ரைவர் இல்லை. புதிய லப்டொப் வாங்கும்போது இந்த ஒரு எண்ணைக் கேட்டு உறுதிசெய்வது பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

ரியல்டெக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு கதை. ஆர்டிஎல்8821சிஇக்கு 5.9 இலிருந்து ட்ரைவர் இருக்கிறது. ஆர்டிஎல்8723பிஇக்கு ட்ரைவர் உண்டு, ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சிக்னல் வரும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். அட்டை பழுதென்று முடிவுகட்டாதீர்கள். அன்டெனா ஒன்றுதான் பூட்டியிருக்கும். எந்தத் துளையில் என்பதை ட்ரைவர் பிழையாக எடுக்கிறது. ஈடிசி கோப்புறைக்குள் மொட்ப்ரோப்.டி என்ற இடத்தில் புதிய கோப்பொன்றைத் திறந்து, ஒப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2 என்ற ஒற்றை வரியை எழுதி, கணினியை மீளத் தொடக்குங்கள். மாற்றம் இல்லாவிட்டால் 2ஐ 1 ஆக்குங்கள்.

புரொட்கொம் பிசிஎம்43142 போன்ற அட்டைகளுக்கு ட்ரைவர் தனிப்பொதியாக வரும். டெபியனில் புரொட்கொம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ், உபுண்டுவிலும் மின்ட்டிலும் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ். மின்ட்டின் ட்ரைவர் மனேஜர், இணையம் இல்லாவிட்டால், பதியப் பாவித்த பென்ட்ரைவைச் செருகச் சொல்லி அதிலிருந்தே இதை எடுக்கும். ஆகவே பதிந்து முடிந்ததும் பென்ட்ரைவை அழித்துவிடாதீர்கள். இந்த ட்ரைவர் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் மறுபடி கட்டப்படும். கட்டுவதற்குக் கெர்னல் ஹெடர்ஸ் பொதி இல்லாவிட்டால், நேற்றுவரை இருந்த வைஃபை அப்டேட்டுக்குப் பிறகு காணாமற் போகும். அப்படிப் போனால் தொடக்கத் திரையில் பழைய கெர்னலைத் தெரிந்து உள்ளே வாருங்கள்; வைஃபை திரும்பும். பிறகு ஹெடர்ஸைப் பதியுங்கள்.

செக்கியூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடக்கவிடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு படி உண்டு. ட்ரைவரைப் பதியும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். மீளத் தொடக்கும்போது நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகளே நிற்கும். அதில் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தெரிந்து, அதே பாஸ்வேர்ட்டைக் கொடுக்கவேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் ட்ரைவர் பதியப்பட்டிருக்கும், ஆனால் கெர்னல் அதை ஏற்காது. 'போட்டேன், வேலை செய்யவில்லை' என்று வருபவர்களில் பலர் தவறவிட்டது இந்தத் திரையைத்தான்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, திறக்கக்கூடிய லப்டொப் என்றால், அட்டையை மாற்றிவிடுவது மேல் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எம்.2 துளை (புதிய லப்டொப்களில் உள்ள சிறிய அட்டைத் துளை) இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 அல்லது ஏஎக்ஸ்200 வாங்குங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வேண்டாம். அவை பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடப்பவை. ஏஎம்டி லப்டொப்பிலும், அதற்கென அமையாத பழைய இன்டெல் லப்டொப்பிலும் ஓடாது. பழைய, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையுள்ள லப்டொப்புக்கு அரை நீள இன்டெல் 7260 பொருந்தும்.

மாற்றுமுன் பயோஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் உள் மென்பொருள்) போடும் தடையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்230, டி430 போன்ற திங்க்பாட்கள் தம் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். சில பழைய எச்பி லப்டொப்கள் 104 என்று காட்டி நிற்கும். அவற்றுக்கு அந்தந்தக் கம்பனியின் பகுதி எண் ஒட்டிய அட்டையைத்தான் தேடவேண்டும்.

வேலை பத்து நிமிடம்தான். சார்ஜரையும் பட்டரியையும் கழற்றுங்கள். மூடியைத் திறந்தால் அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய அன்டெனா வயர்கள் சிறு பித்தளைப் பொத்தான்களில் குந்தியிருக்கும். எந்த நிறம் எந்தப் பொத்தானில் என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். நகத்தை வயருக்கு அடியில் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பொத்தான் அட்டையோடு பிய்ந்து வரும். ஒற்றைத் திருகாணியைக் கழற்றியதும் அட்டை தானாகச் சரிந்து எழும்பும். புதியதைச் சரிவாகச் செருகி, படுக்கவைத்து, திருகாணியை இறுக்கி, வயரைப் பொத்தானின்மேல் சரியாக நிறுத்தி விரலால் அழுத்துங்கள். 'டிக்' என்ற சிறிய ஒலி கேட்கும். கேட்காமல் அழுத்திக்கொண்டே போனால் நடு ஊசி வளையும். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையின் பொத்தான் பெரியது, எம்.2 அட்டையின் பொத்தான் சிறியது. ஒன்றின் வயர் மற்றதில் பூட்டாது.

யூஎஸ்பி வைஃபை: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்

திறக்கமுடியாத லப்டொப்புக்கும் மேசைக் கணினிக்கும் இது தேவைப்படும். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. ஒரே மொடல் பெயரில் வெவ்வேறு சிப் வருவதுதான் காரணம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதற்பதிப்பில் அதெரொஸ் சிப், லினக்ஸுக்கு அருமையானது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் 8188இயூஎஸ்; பொதுவான ட்ரைவருக்குள் அது சேர்ந்தது 6.3 இல். பெட்டியின் ஒட்டுத்தாளில் 'வெர்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஆர்ச்சர் டி3யூவின் சிப்புக்கு 6.2 இலிருந்து ஆதரவு. ஆர்ச்சர் டி2யூ நனோவின் சிப்புக்கு 6.14 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பெயரில் பெரிய வித்தியாசமில்லை.

எங்கள் தெரிவு மீடியாடெக். எம்டி7601யூ மலிவானது, 2.4 கிகாஹெட்ஸ் மட்டும், கெர்னல் 4.2 இலிருந்து ஓடுகிறது. எம்டி7612யூ இரண்டு அலைவரிசைக்கும், 4.19 இலிருந்து. எம்டி7921ஏயூ இன்னும் வேகமானது, 5.18 இலிருந்து. செருகியதும் வைஃபைக்குப் பதிலாக ஒரு சீடி சின்னம் திரையில் வந்தால் பயப்படாதீர்கள். அது விண்டோஸ் ட்ரைவரைத் தனக்குள் சுமக்கும் வகை. அந்தச் சீடியை எஜெக்ட் செய்தால் வைஃபை அடப்டராக மாறும். யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகினால் 2.4 கிகாஹெட்ஸில் இரைச்சல் கூடும். ஒரு சாண் நீட்டிப்பு வயரில் எடுத்து மேசைமேல் வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கடையில் சிப்பின் பெயரை யாரும் சொல்லாவிட்டால், அந்த விலைக்கு லான் துளையுள்ள வைஃபை ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்குங்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஏ850ஆர்இ அப்படியொன்று. அது வைஃபையை வாங்கி லான் வயரால் கணினிக்குக் கொடுக்கும். லினக்ஸுக்கு ட்ரைவர் கேள்வியே எழாது. மேசைக் கணினிக்கு இது யூஎஸ்பி வைஃபையைவிட நல்ல முதலீடு.

சிம் டொங்கிள், 4ஜி ரவுட்டர், ஸ்டார்லிங்க்

டொங்கிளில் இரண்டு வகை. ஹுவாவே ஈ3372 போன்றவை ஹைலிங்க் நிலையில் வந்தால் தமக்குள்ளேயே சிறு ரவுட்டரை வைத்திருக்கும். செருகினால் ஈதர்நெட்டாகத் தெரியும், உலாவியில் 192.168.8.1 போட்டால் அதன் பக்கம் திறக்கும். பழைய மொடம் நிலை என்றால் யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச், மொடம்மனேஜர் என்ற இரண்டும் பதியப்பட்டிருக்கவேண்டும், ஏபிஎன்னை (சிம் கம்பனியின் இணைய வாயிலின் பெயரை) நீங்களே எழுதவேண்டும். அதே சிம்மைப் போனில் போட்டு, போனின் ஏபிஎன் அமைப்பில் உள்ளதை எழுத்து மாறாமல் பிரதி செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டொங்கிளுக்கு 1800 மெகாஹெட்ஸ், அதாவது பான்ட் 3 இருக்கிறதா என்பதையும், ஒரே கம்பனியின் சிம்முக்குப் பூட்டப்பட்டதா என்பதையும் முதலில் பாருங்கள். இன்று புதிதாக டொங்கிள் வாங்குவதற்குக் காரணம் குறைவு. 4ஜி ரவுட்டரை யன்னலோரத்தில் சிக்னல் வரும் பக்கம் வைத்து லான் வயரால் இணைப்பது, லப்டொப்பின் பக்கவாட்டில் டொங்கிளைத் தொங்கவிடுவதைவிடப் பல மடங்கு மேல்.

ஸ்டார்லிங்க் இலங்கையில் 2025 ஜூலையில் தொடங்கியது. தீவகத்தில் மொபைல் சிக்னல் தள்ளாடும் இடங்களுக்கு யோசிக்கலாம். லினக்ஸ் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் வழமையான தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். சூரியப் படலில் ஓடும் வீடுகள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். வீட்டு ரவுட்டர் ஒன்று பொதுவாக 10 வாட் அளவில்தான் எடுக்கும்.

கடலோரத்துக்கும் தீவுகளுக்கும் ஒரு சொல்: உப்புக்காற்று யூஎஸ்பி, லான் துளைகளின் தொடுகைகளை மங்கவைக்கும். இணைப்பு விட்டு விட்டு வந்தால், ட்ரைவரைக் குடைவதற்கு முன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துளையைத் துடைத்துப் பாருங்கள்.

அப்படியானால் உங்களுக்கு எது?

மேசைக் கணினி, வீட்டில் ரவுட்டர்: வயர். வயர் இழுக்கமுடியாத வீடு: எக்ஸ்டெண்டர். திறக்கக்கூடிய லப்டொப்பில் புரொட்கொம்மோ தலையிடி தரும் ரியல்டெக்கோ இருந்தால் இன்டெல் அட்டைக்கு மாறுங்கள். ஏற்கெனவே இன்டெல் என்றால் கைவைக்கவேண்டாம். ரவுட்டரே இல்லாத வாடகை அறை, திருநெல்வேலியில் தங்கிப் படிக்கும் மாணவர் என்றால் போன் டெதரிங் போதும், பாவனை கூடும்போது 4ஜி ரவுட்டருக்குப் போகலாம். எந்த நிலையிலும் போனும் நல்ல டேட்டா கேபிளும் கைவசம் இருக்கவேண்டும், ஏனென்றால் மின்வெட்டில் லப்டொப்புக்குப் பட்டரி இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. ரவுட்டருக்குச் சிறு டிசி யூபிஎஸ் வாங்குவதானால் அடப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். அயல்வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால், ரவுட்டர் 12ஆம் அல்லது 13ஆம் சனலில் இருக்கக்கூடும். சில அட்டைகள் நாடு எதுவென்று தெரியாதபோது அவற்றைப் பார்ப்பதில்லை. 1, 6, 11 இல் ஒன்றுக்கு மாற்றுங்கள். இணைந்தபின் சில நிமிடத்துக்கொருமுறை இழுபட்டால் வைஃபையின் மின்சேமிப்பை நிறுத்துங்கள்: நெட்வேர்க்மனேஜரின் கொன்ஃப்.டி கோப்புறையில் டிஃபோல்ட்-வைஃபை-பவர்சேவ்-ஒன் என்ற கோப்பில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி, கணினியை மீளத் தொடக்குங்கள். வைஃபை முழுச் சிக்னல் காட்டியும் எந்த இணையத்தளமும் பாதுகாப்புப் பிழையோடு திறக்க மறுத்தால், திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் போர்டிலுள்ள சிஆர்2032 நாணய பட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். அந்தத் திகதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. பட்டரியை மாற்றி, பயோஸில் திகதியைச் சரிசெய்தால் இணையம் திரும்பிவிடும்.